மூளைத் தமனிப் புடைப்பு வெடிப்பில் அழற்சியின் பங்கு

மூளைக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனியின் சுவர் ஓரிடத்தில் நலிந்து பைபோல வெளியே பிதுங்குவதை மூளைத் தமனிப் புடைப்பு அல்லது அனியூரிசம் என்கிறோம். பெரியவர்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 3 பேரிடம் இது உண்டு. அவர்களில் பெரும்பாலோர் அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள். புடைப்பு வெடித்துவிட்டால் மூளையைப் போர்த்தியிருக்கும் உறைகளுக்கு இடையே ரத்தம் கசிந்து பரவும். அதற்கு ஆளானவர்களில் சுமார் மூன்றில் ஒருவர் பிழைப்பதில்லை.

மெலிந்த சுவர், கூடிய அழுத்தம், அதனால் கிழிசல் என்றுதான் முன்பு விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கம் போதாது. பெரிய புடைப்பு பல்லாண்டு அப்படியே கிடக்கிறது, 7 மில்லிமீட்டருக்கும் சிறியது வெடித்துவிடுகிறது. சுவர் உயிருள்ள திசு. அதற்குள் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

தொடக்கம் ரத்த ஓட்டத்தில்தான். மூளையின் அடியில் வில்லிஸ் வளையம் எனும் தமனி வளையத்தில் தமனிகள் கிளை பிரியும் முனைகளில் ரத்தம் மோதித் திரும்புகிறது. அந்த உராய்வில் உள்வரிச் செல்கள் பாதிக்கப்பட்டு, எம்சிபி-1 போன்ற அழைப்புப் புரதங்களைச் சுரக்கின்றன. ரத்தத்திலுள்ள மோனோசைட்டுகள் எனும் வெள்ளணுக்கள் அந்த அழைப்பை ஏற்றுச் சுவருக்குள் நுழைந்து மேக்ரோஃபேஜ்களாக மாறி அழற்சியை மூட்டுகின்றன. கேடு விளைவிப்பதில் முதலிடம் இவற்றுக்கே. இவை வெளியிடும் மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ் நொதிகள், சுவருக்கு உறுதி தரும் கொலாஜனையும் எலாஸ்டினையும் அரிக்கின்றன. சேதத்தைச் சரிசெய்ய வேண்டிய மென்தசைச் செல்களோ சுருங்கும் இயல்பை இழந்து தாமும் அழற்சிப் பொருள்களைச் சுரக்கத் தொடங்குகின்றன, பிறகு மடிகின்றன. மூளைத் தமனிக்கு வெளி மீள்படலம் கிடையாது, புற உறையும் மெல்லியது. ஆகவே உள் மீள்படலம் சிதைந்தபின் தாங்குவதற்கு அதிகம் மிஞ்சுவதில்லை.

எலிகளில் மேக்ரோஃபேஜ்களை மருந்தால் ஒழித்தபோது புடைப்பு உருவாவது குறைந்தது. டி செல்கள், மாஸ்ட் செல்கள், நியூட்ரோஃபில்கள் ஆகிய நோயெதிர்ப்புச் செல்களும் நிறைவுப் புரதங்களும் இதில் பங்கேற்கின்றன. புடைப்புக்குள் உறையும் ரத்தக்கட்டி நியூட்ரோஃபில்களைப் பிடித்துவைத்து அழற்சியைத் தூண்டிக்கொண்டே இருக்கும்.

மனிதத் திசுவில் முக்கியமான சான்று ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து வந்தது. வெடிக்காத 24, வெடித்த 42 புடைப்புகளின் சுவர்களை ஒப்பிட்டு 2004இல் வெளியான ஆய்வில், வெடித்தவற்றில் மேக்ரோஃபேஜ்களும் டி செல்களும் கூடுதலாக இருந்தன, உள்வரி உரிந்திருந்தது. வெடித்ததால் வந்த அழற்சியா, அழற்சியால் வந்த வெடிப்பா என்று கேட்பது நியாயமே. வெடித்தபின் எடுத்த திசு மட்டும் அதற்கு விடை தராது. அதனால்தான் விலங்கு ஆய்வுகளும், வெடிக்காத புடைப்பைப் படமெடுக்கும் முயற்சிகளும் மதிப்புப் பெறுகின்றன. இரும்பு நுண்துகள்கள் கொண்ட ஃபெருமாக்ஸிடாலை ஏற்றி எம்ஆர்ஐ எடுத்தால், மேக்ரோஃபேஜ்கள் அதை விழுங்கியிருக்கும் சுவர் தெரியவரும்.

புகைபிடித்தலும் உயர் ரத்த அழுத்தமும் வெடிப்புக்கு வழிவகுப்பதிலும் அழற்சிக்குப் பங்குண்டு. மாதவிடாய் நின்ற பெண்களிடம் இந்நோய் மிகுந்திருப்பதற்கு, தமனியைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைவது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

அழற்சியைத் தணிக்கும் ஆஸ்பிரினை வாரத்துக்கு 3 முறையாவது எடுத்தவர்களிடம் வெடிப்பு குறைவு என்று 2011இல் வெளியான ஒரு பகுப்பாய்வு காட்டியது. அது கவனித்துப் பதிந்த தரவு. மருந்தின் பயனை நிறுவும் சோதனை அன்று. ஆகவே, புடைப்பு இருப்பதாகத் தெரிந்தவர்கள் ஆஸ்பிரினைத் தாமாக வாங்கி விழுங்கக் கூடாது. புடைப்பின் கழுத்தில் கிளிப் போட்டு அடைப்பதும், தமனி வழியாகக் கம்பிச்சுருள் (காயில்) செலுத்திப் புடைப்பை நிரப்புவதுமே இன்றும் முதன்மையான சிகிச்சைகள். அதுவரை காணாத கடுமையான தலைவலி திடீரென்று தாக்கினால், பொறுத்துப் பார்க்காமல் அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.