வேற்று வீட்டில் ஓடும் நிரல்: வைனின் முப்பது ஆண்டுக் கதை

போன மாதம் ஒரு பழைய குறுந்தகடு என் கைக்கு வந்தது. கல்லூரியில் எனக்குத் தமிழ் சொல்லித்தந்த ஐயா 1996, 97 வாக்கில் ஊர் ஊராகப் போய் ஏரி, குளம், மடை, கலிங்கு ஆகியவற்றின் பெயர்களைத் தொகுத்தவர். அப்போது அவர் வீட்டில் இருந்தது விண்டோஸ் 3.1 போட்ட கணினி. அதில் அட்டை அட்டையாகக் குறிப்பு எழுதி வைக்கும் ஒரு சின்ன நிரல் இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அட்டைகளை அதில் தட்டி வைத்திருந்தார். ஐயா இப்போது இல்லை. "தம்பி, அப்பாவோடது. எந்தக் கம்ப்யூட்டர்லயும் திறக்க மாட்டேங்குது. உன்னால ஏதாவது முடியுதா பாரு" என்று அவர் மகள், எங்களுக்கெல்லாம் அக்கா, கொடுத்தார்.

குறுந்தகட்டில் மூன்றே பொருள்கள்: அந்த நிரல், அட்டைகள் இருந்த கோப்பு, அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு ஒன்று. கோப்பை வேறு எதில் திறந்தாலும் கட்டமும் கோடுமாகத்தான் தெரிந்தது. நிரலோ 16 பிட் நிரல். இன்றைய 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்களை ஓட்டும் பகுதியே கிடையாது. 2021இல் வந்த விண்டோஸ் 11, 64 பிட்டில் மட்டும்தான் கிடைக்கிறது. ஆக, அந்த வாசல் அடைத்தாயிற்று.

கடைசியில் அது ஓடியது எங்கே தெரியுமா? என் லினக்ஸ் மடிக்கணினியில். விண்டோஸுக்கு எழுதிய நிரல் விண்டோஸில் ஓடாதாம், லினக்ஸில் ஓடுமாம். இது என்ன கூத்து என்று எனக்கே தோன்றியது. அந்தக் கூத்தின் வரலாறுதான் இந்தப் பதிவு.

முதலில் அடிப்படை. ஒரு நிரல் தானாக எல்லாவற்றையும் செய்துகொள்வதில்லை. கல்யாண மண்டபத்துக்கு வரும் சமையல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். பக்குவம் அவர் கையில். ஆனால் அரிசி, பருப்பு, விறகு எல்லாம் மண்டபத்து ஆளிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். நிரலும் அப்படித்தான். "இந்தக் கோப்பைத் திற", "இங்கே ஒரு சன்னலைப் போடு", "இவ்வளவு நினைவகம் கொடு" என்று இயங்குதளத்திடம் கேட்டுக்கொண்டே இருக்கும். எந்தப் பெயரில் கேட்க வேண்டும், என்ன பதில் வரும் என்ற ஒப்பந்தத்துக்குத்தான் ஏபிஐ என்று பெயர். விண்டோஸின் ஏபிஐ வேறு, லினக்ஸின் ஏபிஐ வேறு. ஆனால் அடியில் இருக்கும் இன்டெல் வகைச் செயலி இரண்டுக்கும் ஒன்றே. சமையல் அதேதான், கேட்கும் பாஷைதான் வேறு.

இதைச் சமாளிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, மண்டபத்துக்குள்ளேயே சமையல்காரரின் சொந்த வீட்டை அப்படியே கட்டிக் கொடுப்பது. முழுக் கணினியையும் மென்பொருளாகப் பாவனை செய்து, அதற்குள் அசல் விண்டோஸை நிறுவி ஓட்டுவது இந்த வகை. இன்னொன்று, அவர் பாஷை தெரிந்த ஒரு ஆளை வாசலில் நிறுத்துவது. அவர் கேட்பதை இந்த ஆள் புரிந்துகொண்டு, இந்த மண்டபத்துக் கிடங்கிலிருந்தே எடுத்துக் கொடுப்பார். வைன் இந்த இரண்டாவது வகை. அதன் பெயரே ஒரு சொல்விளையாட்டு: 'வைன் இஸ் நாட் அன் எமுலேட்டர்'. அதாவது, நான் பாவனைப் பொறி இல்லை.

இந்த யோசனை வைனோடு தொடங்கியதல்ல. 1992இல் ஐபிஎம் வெளியிட்ட ஓஎஸ்/2 2.0, விண்டோஸ் நிரல்களையும் ஓட்டும். விண்டோஸைவிடச் சிறந்த விண்டோஸ் என்றே விளம்பரம் செய்தார்கள். பழைய கூட்டு ஒப்பந்தத்தால் மைக்ரோசாஃப்டின் மூலநிரலைப் பயன்படுத்தும் உரிமை ஐபிஎம்மிடம் இருந்தது. ஆனால் ஒரு சிக்கல். விண்டோஸுக்கு எழுதினால் ஓஎஸ்/2விலும் ஓடும் என்றால், ஓஎஸ்/2வுக்கென்று தனியாக யார் எழுதுவார்கள்? ஓஎஸ்/2 தோற்றதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் இதையும் ஒன்றாகச் சொல்வார்கள். இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

1993இல் சன் நிறுவனம் 'வாபி' என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. விண்டோஸ் 3.1 நிரல்களை யூனிக்ஸ் கணினிகளில் ஓட்டுவது அதன் வேலை. அதோடு நிற்காமல், விண்டோஸ் ஏபிஐயையே பொதுத் தரமாக்க வேண்டும் என்றும் சன் முயன்றது. ஐரோப்பியத் தர அமைப்பான எக்மா 1995 டிசம்பரில் 234 என்ற எண்ணிட்ட தரமாக அதை வெளியிடவும் செய்தது. ஆனால் அது விவரித்தது விண்டோஸ் 3.1 காலத்து ஏபிஐயை. அந்த ஆகஸ்டிலேயே விண்டோஸ் 95 கடைக்கு வந்துவிட்டது. திருவிழா முடிந்து தேர் வந்த கதை.

அதே 1993இல், வாபியைப் பார்த்துவிட்டு, இதை நாமே லினக்ஸுக்குச் செய்தால் என்ன என்று பாப் ஆம்ஸ்டட், எரிக் யங்டேல் என்ற இருவர் தொடங்கியதுதான் வைன். லினக்ஸுக்கே அப்போது இரண்டு வயதுதான். 1994இல் பொறுப்பு அலெக்ஸாந்தர் ஜூலியார் கைக்குப் போனது. இன்றுவரை திட்டத்தை நடத்துபவர் அவர்தான். ஒரு மென்பொருளை ஒரே மனிதர் முப்பது ஆண்டுகள் தலைமை தாங்கி நடத்துவது அபூர்வம்.

வைனின் முதல் முழுப் பதிப்பு 1.0 எப்போது வந்தது தெரியுமா? 2008 ஜூன் 17. பதினைந்து ஆண்டுகள்! அதற்குள் விண்டோஸ் 3.1 போய், 95, 98, 2000, எக்ஸ்பி, விஸ்டா வரை வந்தாயிற்று. 1.0க்கு அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கோ அடக்கமானது: ஃபோட்டோஷாப் சிஎஸ்2வும், வேர்ட், எக்செல், பவர்பாயின்ட் கோப்புகளைப் பார்க்க மட்டும் உதவும் இலவச நிரல்களும் ஒழுங்காக ஓட வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் இத்தனை காலம்? சோம்பேறித்தனம் இல்லை. ஐபிஎம்மிடம் இருந்த மூலநிரல் இவர்களிடம் இல்லை. விண்டோஸின் மூலநிரலைப் பார்த்தவர் யாரும் வைனுக்குப் பங்களிக்கக் கூடாது என்பது இவர்கள் தாமே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. 2004இல் விண்டோஸ் என்டி, 2000 மூலநிரலின் ஒரு பகுதி இணையத்தில் கசிந்தது. அதை எட்டிப் பார்ப்பதும் கூடாது. பார்த்து எழுதினால் அது திருட்டாகிவிடும், ஒரு வழக்கில் திட்டமே போய்விடும்.

அப்புறம் எப்படி எழுதினார்கள்? வெளியான ஆவணங்களைப் படித்தார்கள். அது போதாதபோது சின்னச் சின்னச் சோதனை நிரல்களை எழுதி, அசல் விண்டோஸில் ஓட்டினார்கள். இப்படிக் கேட்டால் என்ன பதில் வருகிறது? தப்பாகக் கேட்டால் என்ன பிழை எண் வருகிறது? அதைக் குறித்துக்கொண்டு, வைனும் அதே பதிலைச் சொல்லும்வரை திருத்தினார்கள். விண்டோஸில் பிழை இருந்தால் வைனிலும் அதே பிழை இருந்தாக வேண்டும், ஏனென்றால் ஏதோ ஒரு நிரல் அந்தப் பிழையை நம்பிப் பிழைத்துக்கொண்டிருக்கும்.

இதை மைக்ரோசாஃப்டும் அறிந்தே இருந்தது. ஜோல் ஸ்போல்ஸ்கி தன் கட்டுரையில் சொன்ன ஒரு சம்பவம் பிரபலம். சிம்சிட்டி என்ற விளையாட்டு, தான் திருப்பிக் கொடுத்துவிட்ட நினைவகத்தையே மறுபடி படிக்கும். டாஸில் அது எப்படியோ ஓடிவிட்டது, புதிய விண்டோஸில் விழுந்தது. மைக்ரோசாஃப்ட்காரர்கள் என்ன செய்தார்கள்? சிம்சிட்டி ஓடுகிறதா என்று விண்டோஸையே பார்க்கச் சொல்லி, ஓடினால் மட்டும் நினைவகத்தை உடனே பறிக்காமல் விட்டுவைக்க ஏற்பாடு செய்தார்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அவ்வளவு மெனக்கெட்டார்கள்.

ஆனால் வாக்கு ஒருவர் கையில் மட்டும் இருந்தால் அதை மீறவும் அவரால் முடியும். 1991 கடைசியில் சோதனைக்கு விட்ட விண்டோஸ் 3.1 பதிப்பில், அடியில் இருப்பது எம்எஸ்-டாஸா, போட்டி நிறுவனத்தின் டிஆர்-டாஸா என்று ரகசியமாகப் பார்த்து, பின்னதாக இருந்தால் பயமுறுத்தும் பிழைச் செய்தி காட்டும் துண்டு ஒன்று இருந்தது. விற்பனைக்கு வந்த பதிப்பில் அதை உறங்க வைத்துவிட்டார்கள். என்றாலும் விஷயம் நீதிமன்றம் போய், 2000 ஜனவரியில் சமரசத்தில் முடிந்தது. 2005இல் மைக்ரோசாஃப்டின் உரிமச் சோதனை நிரல் ஒன்று, கணினியில் வைன் இருக்கிறதா என்று தேடிப் பார்த்ததும் வெளியே வந்தது. வைன்காரர்களுக்கு அதில் ஒரு பெருமை. கவனிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டோமே!

தங்கள் பக்கத்திலும் சச்சரவு இல்லாமல் இல்லை. முதலில் வைனின் உரிமம் தாராளமானது. யார் வேண்டுமானாலும் எடுத்து, மாற்றி, மாற்றத்தைத் திருப்பிக் கொடுக்காமலே விற்கலாம். விளையாட்டுகளுக்கென ஒரு நிறுவனம் அப்படிச் செய்யவும், 2002 மார்ச்சில் எல்ஜிபிஎல் உரிமத்துக்கு மாறினார்கள். எடுத்தால் திருத்தியதைக் கொடு என்பது அதன் சாரம். கோட்வீவர்ஸ் நிறுவனம் ஜூலியார் உள்பட வைன் நிரலாளர்கள் பலருக்குச் சம்பளம் கொடுத்து, கிராஸ்ஓவர் என்ற பெயரில் வைனை விற்றுப் பிழைத்தது. ஆர்வம் மட்டும் இருந்தால் முப்பது ஆண்டு ஓடாது, யாராவது மளிகைக் கடனும் அடைக்க வேண்டும்.

2018 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் வைனை அடிப்படையாக வைத்து 'புரோட்டான்' வெளியிட்டது. 2022இல் வந்த அதன் கையடக்க விளையாட்டுக் கருவி ஸ்டீம் டெக்கில் இருப்பது லினக்ஸ். அதில் விளையாடுபவர்கள் பெரும்பாலும் ஓட்டுவது விண்டோஸ் விளையாட்டுகளை. இங்கே அந்த ஓஎஸ்/2 கேள்வி திரும்ப வருகிறது. விண்டோஸ் விளையாட்டே லினக்ஸில் ஓடும்போது லினக்ஸுக்கென்று யார் எழுதுவார்கள்? நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு வித்தியாசம்: ஓஎஸ்/2 வாழ்ந்தது இன்னொருவரின் மூலநிரலை நம்பி. வைன் ஒவ்வொரு வரியும் சொந்தக் கையால் எழுதியது.

எதிர்த்திசையிலும் நடந்தது. 2016இல் மைக்ரோசாஃப்ட், லினக்ஸ் நிரல்களை விண்டோஸில் ஓட்ட ஒரு வசதி கொண்டுவந்தது. முதல் பதிப்பு வைன் மாதிரியே, வாசலில் மொழிபெயர்ப்பாளரை நிறுத்தும் வழி. 2019இல் அறிவித்த இரண்டாம் பதிப்பில் அதை விட்டுவிட்டு, அசல் லினக்ஸ் கருவையே உள்ளே வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் சரியான பதில் சொல்வது அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே கஷ்டம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். லினக்ஸின் மூலநிரல் திறந்து கிடக்கிறது, எடுத்து வைத்தார்கள். வைன்காரர்களுக்கு அந்தக் குறுக்குவழி ஒருநாளும் இருந்ததில்லை. 2024 ஆகஸ்டில் மோனோ என்ற திட்டத்தை மைக்ரோசாஃப்டே வைனிடம் ஒப்படைத்தது. காலம் எப்படியெல்லாம் திரும்புகிறது.

சரி, ஐயாவின் அட்டைகளுக்கு வருவோம். 16 பிட்டைக் கைவிட்டது விண்டோஸ் தரப்பில் ஒரு கணக்கு. அத்தனை பழைய நிரல்களைத் தாங்கிக்கொண்டிருப்பதில் அவர்களுக்கு இனி லாபம் இல்லை. தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நிரல்களுக்குள் இருப்பது லாபக் கணக்கில் வராத மனிதர்களின் உழைப்பு. ஒப்பந்தம் போட்டவர் அதை மறந்த பிறகும், கையெழுத்தே போடாத யாரோ சிலர் அந்த ஒப்பந்தத்தைக் காப்பாற்றி வருகிறார்கள். வைனின் வரலாற்றைப் படித்து எனக்குத் தெரிந்தது இதுதான்.

வைன் தன் கோப்புறைக்குள் ஒரு பொய் சி டிரைவை உருவாக்கி வைத்திருக்கும். அதன் எழுத்துருக் கோப்புறையில் அந்தப் பழைய தமிழ் எழுத்துருவைப் போட்டேன். நிரலைத் திறந்தேன். சாம்பல் நிறச் சன்னல், அதில் அடுக்கடுக்காக அட்டைகள். ஒவ்வொன்றிலும் குளத்தின் பெயர், மடைகளின் பெயர், சொன்னவர் யார் என்ற குறிப்பு. ஓர் அட்டையில் "பெயர் சந்தேகம், மறுபடி போய்க் கேட்க வேண்டும்" என்று இருந்தது. அக்காவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "அப்பா எழுத்து" என்று மட்டும் பதில் வந்தது. தட்டச்சுதான், ஆனாலும் அவர் சொன்னது சரி.

இப்போது அட்டைகளை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது இருக்கலாம். அப்படியானால் ஒன்றே ஒன்று: கோப்பை மட்டும் படியெடுத்துவிட்டு மற்றதைத் தூக்கி எறியாதீர்கள். கூடவே இருக்கும் நிரலையும் எழுத்துருவையும் சேர்த்து வையுங்கள். அந்த மூன்றும் ஒன்றாக இருந்ததால்தான் ஐயாவின் அட்டைகள் பிழைத்தன.