மேசைக்கு அடியில் ஒரு புத்தகம்

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. மத்தியானக் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் அடையாற்றிலிருந்து மகள் போன் செய்தாள். "அம்மா, உன் பேத்தி என்ன கண்றாவியைப் படிக்கிறாள் என்று நீயே பார். டீச்சராக இருந்தவள்தானே, நீ சொன்னால் கேட்பாள்." பேத்திக்கு 19 வயது. கையிலிருந்த புத்தகம் சாரா ஜே. மாஸ் எழுதி 2015இல் வந்த 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோசஸ்'. படிக்காமல் என்ன சொல்வது? மயிலாப்பூருக்கு வாங்கி வந்து நாலு மத்தியானத்தில் முடித்தேன்.

வேட்டையாடிக் குடும்பத்தைக் காப்பாற்றும் ஏழைப் பெண் ஓர் ஓநாயைக் கொல்கிறாள். அது ஓநாய் இல்லை, 'ஃபே' என்ற மாய இனத்தைச் சேர்ந்தவன். உயிருக்கு ஈடாக, மிருக உருவில் வரும் ஒரு பிரபு அவளைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோகிறான். பிறகு காதல், சாபம், கொடிய ராணி, ரத்தம். படுக்கையறைக் காட்சிகளும் உண்டு. 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 13 புத்தகங்களை எல்லா அரசுப் பள்ளிகளிலிருந்தும் நீக்கியது. அதில் 6 இந்த அம்மாள் எழுதியவை.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பாதி தாண்டியதும், "இந்த மாதிரிக் கதை நம் வீட்டிலேயே இருக்கிறதே" என்றுதான். அதுதான் சீவக சிந்தாமணி.

திருத்தக்கதேவர் என்ற சமண முனிவர் பாடியது. 13 இலம்பகங்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். அரசியின் மேல் கொண்ட மோகத்தில் ராஜ்யத்தை அமைச்சனிடம் விட்டுவிடுகிறான் சச்சந்தன். அந்த அமைச்சன் கட்டியங்காரன் அவனையே கொல்கிறான். கர்ப்பிணியான விசயை மயிற்பொறியில் ஏறித் தப்பி, சுடுகாட்டில் இறங்கி, அங்கேயே சீவகனைப் பெறுகிறாள். இதை விட இருட்டான ஆரம்பம் எந்த இங்கிலீஷ் நாவலில் இருக்கிறது? வளர்ந்த சீவகன் யாழ்ப் போட்டியில் வென்று மணப்பது காந்தருவதத்தையை. அவள் மனிதப் பெண்ணே இல்லை, வானில் திரியும் விஞ்சையர் குலத்து இளவரசி. இப்படி எட்டு மணங்கள். 'மணநூல்' என்றே அதற்குப் பெயர்.

துறவி இவ்வளவு சிருங்காரம் எப்படிப் பாடினார் என்று அன்றே சந்தேகப்பட்டார்களாம். தம் ஒழுக்கத்தை நிரூபிக்கப் பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தினார் என்று ஒரு கதை வழங்குகிறது. எழுதியவரைச் சந்தேகிப்பது யூட்டாவில் தொடங்கிய வழக்கம் இல்லை.

இந்த நூலைப் படித்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் நான் சொல்ல வந்த சரித்திரம்.

12ஆம் நூற்றாண்டு. சோழ மன்னன் சிந்தாமணியில் மயங்கிக் கிடந்ததைக் கண்டு வருந்திய அமைச்சர் சேக்கிழார், அதற்கு மாற்றாகப் பெரிய புராணம் பாடினார் என்கிறது சேக்கிழார் புராணம். கல்வெட்டுச் சான்று இல்லை, மரபுச் செய்திதான். ஆனாலும் கவனியுங்கள், பிடிக்காத புத்தகத்துக்கு அவர் தந்த பதில் இன்னொரு புத்தகம்.

அடுத்து உரையாசிரியர் நச்சினார்க்கினியர். அவர் முதலில் எழுதிய உரையைச் சமணர்கள் ஏற்கவில்லையாம். கோபித்துக்கொள்ளாமல் அவர்களுடைய நூல்களைக் கற்றுக்கொண்டு வந்து மறுபடி எழுதினார் என்பார்கள்.

மூன்றாமவர் நம் உ.வே.சா. 1880 அக்டோபர் 21, கும்பகோணம். "சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?" என்று சேலம் இராமசுவாமி முதலியார் கேட்ட கேள்வி அவர் வாழ்க்கையையே திருப்பியது. புரியாத இடங்களுக்காக ஊரிலிருந்த சமணர் வீடுகளைத் தேடிப் போனார். அங்கே அந்த நூலைப் பக்தியோடு படித்து, முடித்த நாளை விழாவாகக் கொண்டாடுவதைக் கண்டார். சைவ மடத்தில் படித்தவர், தெரியாததைத் தெரிந்தவர்களிடம் உட்கார்ந்து கேட்டார். 1887இல் நூல் அச்சாகி வந்தது.

இப்போது என் கதை. தி.நகர்ப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் வரலாறு எடுத்துக்கொண்டிருந்தேன். 1980களின் நடுவில் ஒரு நாள். பத்தாம் வகுப்புப் பெண் மேசைக்கு அடியில் மாத நாவல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பேய், காதல் எல்லாம் கலந்த கதை, வாடகை நூலகத்துப் புத்தகம். பிடுங்கி, வகுப்பு முன்னால் தலைப்பை உரக்கப் படித்துச் சிரிக்க வைத்தேன். தலைமையாசிரியை அறைக்கு அனுப்பினேன். அப்பாவைக் கூப்பிட்டார்கள். அந்த வருடத்தோடு அவளுடைய படிப்பு நின்றது. வீட்டில் வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். ஆனால் அதில் என் கையும் இருந்தது. அந்தப் புத்தகத்தின் ஒரு பக்கத்தைக்கூட நான் படித்துப் பார்க்கவில்லை. சேக்கிழாரைப் பாடம் நடத்தியவள்தான் நான்.

அதனால் பேத்தியிடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது உபதேசம் செய்யவில்லை. எனக்கு உறுத்தியதைச் சொன்னேன். "அவளைத் தூக்கிக்கொண்டு போனவனையே அவள் காதலிக்கிறாளே, அது எனக்குப் பிடிக்கவில்லை."

"எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது பாட்டி. ரெண்டாவது புத்தகத்தில் அதைத்தான் அவளே கேட்கிறாள். நீங்கள் பாதியிலேயே தீர்ப்பு சொல்கிறீர்கள்" என்றாள்.

சரிதான். பிறகு நான் சிந்தாமணியில் ஓர் இடம் சொன்னேன். அடிபட்டுச் சாகும் நாயின் காதில் சீவகன் மந்திரம் ஓதுகிறான். அந்த நாய் சுதஞ்சணன் என்ற இயக்கனாகப் பிறந்து, பின்னால் சீவகனையே கொலைக்களத்திலிருந்து காப்பாற்றுகிறது. அங்கே ஓநாயைக் கொன்றதில் கதை தொடங்குகிறது, இங்கே நாய்க்கு இரங்கியதில் ஒரு நட்பு தொடங்குகிறது. "இதை யாரும் எனக்குச் சொல்லவே இல்லையே" என்றாள். தப்பு எங்களுடையதுதான்.

அடுத்த வாரம் பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகத்துக்கு அவளைக் கூட்டிப் போகிறேன். ரெண்டாவது புத்தகம் இப்போது என் தலையணை அருகில் இருக்கிறது.

உங்கள் கையிலிருந்து யாராவது புத்தகம் பிடுங்கியிருக்கிறார்களா? கீழே எழுதுங்கள். அந்தப் பெண்ணே இதைப் படிக்க நேர்ந்தால்... அம்மா, என்னை மன்னித்துவிடு.