கணினியில் தமிழ் எழுத்து ஏறிய வரலாறு

மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, வாவியும் கடலும் அணைத்து நிற்கும் ஊர் வாழைச்சேனை. 1950களில் அங்கே எழுந்த காகித ஆலை அவ்வூரின் பெயரை இலங்கை முழுவதும் பரப்பிற்று. வயலில் எஞ்சிய வைக்கோல் கூழாகித் தாளாயிற்று. அத்தாள் மொழிவேற்றுமை பாராட்டவில்லை. தமிழோ, சிங்களமோ, ஆங்கிலமோ, எழுதிய எழுத்தை அப்படியே ஏற்றது. பின்னாளில் வந்த கணினியோ அத்தகையதன்று.

கணினி எழுத்தை அறியாது, எண்களையே அறியும். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வேண்டும். 1963இல் அமெரிக்கர் வகுத்த ஆஸ்கி என்னும் அட்டவணையில் இருந்தவை 128 இடங்களே. ஆங்கிலத்துக்கு அது போதும். பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளின் குறியிட்ட எழுத்துகளுக்கே அங்கு இடமில்லை. 247 எழுத்துகள் கொண்ட தமிழின் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை.

இவ்விடர் தமிழுக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிற் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா, தமிழ்த் தட்டச்சுப்பொறியை அமைத்தபோதும் இதனையே எதிர்கொண்டார். புள்ளி போன்ற குறிகளுக்கு, அடித்தாலும் தாள் நகராத விசைகள் உதவின. ஐரோப்பியப் பொறிகளிலும் எழுத்தின்மேற் குறியிட அதே உத்தி வழங்கியது. பகுதிகளைக் கூட்டி முழு எழுத்தை ஆக்கலாம் என்பது அங்கே தெளிவாயிற்று.

கணினியில் அத்தெளிவு பிறக்க நாள் சென்றது. ஒவ்வொருவரும் தத்தம் எழுத்துருவை ஆக்கி, ஆங்கில எழுத்தின் எண்களிலே தமிழை அமர்த்தினர். ஒருவர் எழுதியதை அதே எழுத்துரு இல்லாத மற்றவர் திறந்தால், பொருளற்ற குறிகளே திரையில் நின்றன. 1987இல் 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் இலங்கையில் தமிழையும் ஆட்சிமொழி ஆக்கியது. ஆயினும் ஓர் அலுவலகத்துத் தமிழ் மற்றோர் அலுவலகத்திற் கிறுக்கலாகுமெனில், சட்டம் தந்த உரிமை குடிமகனின் கைக்கு எவ்வாறு எட்டும்?

1999இல் சென்னையிற் கூடிய தமிழிணைய மாநாடு பொதுவான குறியீட்டுமுறைகளையும் விசைப்பலகையையும் பரிந்துரைத்தது. 1991இல் வெளிவந்த யூனிகோடு என்னும் உலகப் பொதுக்குறியீடு தமிழுக்கும் தனியிடம் வழங்கியிருந்தது. காலப்போக்கில் அதுவே நிலைபெற்றது.

எனினும் குறை முற்றும் நீங்கவில்லை. இந்தியக் குறியீட்டைப் பின்பற்றியதால், அதில் எழுத்துகள் நெடுங்கணக்கு முறையில் அமையவில்லை. நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் நிற்கின்றன. அகரமேறிய மெய்க்கு ஓர் எண். தனிமெய்க்கோ புள்ளியுஞ் சேர்த்து இரண்டு. ‘வாழைச்சேனை’ என்பதில் எழுத்து ஐந்து. கணினி எண்ணுவதோ பத்து. கைப்பேசிக் குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடங்கள், தமிழுக்கு 70 மட்டுமே. இக்குறைகளைக் களையவே 2010இல் தமிழ்நாட்டு அரசு, யூனிகோடோடு, ஒவ்வோர் எழுத்துக்கும் தனியெண் தரும் பதினாறு துணுக்குக் குறியீட்டையும் ஏற்றது.

குறையிருப்பினும் பயன் பெரிது. இன்று வாழைச்சேனையில் ஒரு தாய் தட்டும் எழுத்தை, தொலைநாட்டிலுள்ள மகன் மாற்றமின்றிப் படிக்கிறான். அன்று அவ்வூர்த் தாள் எம்மொழியையும் தாங்கியதுபோல, இன்று கணினித் திரையும் தமிழைத் தாங்குகிறது. ஆனால் அது தானாகக் கனிந்ததன்று. பல நாட்டுத் தமிழர் ஒன்றுகூடி, தத்தம் முறையை விட்டுப் பொதுமுறைக்கு இசைந்ததால் விளைந்த பயனேயாகும்.