சிதம்பர இரகசியமும் உடையார்குடிக் கல்லும்

ஆங்கிலப் பாடம் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் மாலை வேளையில் விநோதமான வினாக்கள் எழும். பூனையைப் பையிலிருந்து வெளியே விட்டான் என்றால் என்ன பொருள்? மொச்சையைக் கொட்டினான் என்றால் என்ன? இரண்டுக்கும் இரகசியத்தை வெளியிட்டான் என்று ஒரே விடை கூறித் தப்பிவிடலாம். மொச்சைக்கும் இரகசியத்துக்கும் என்ன உறவு என்ற அடுத்த வினாவே தொல்லை தரும். பண்டைக் கிரேக்கர் அவரை விதைகளைக் குடத்தில் இட்டு வாக்களித்தனர் என்றும், குடம் கவிழ்ந்தால் முடிவு முன்னரே தெரிந்துவிடும் என்றும் ஒரு கதையைச் சில நூல்கள் தருகின்றன. கேட்க இனிய கதைதான். ஆனால் அத்தொடர் இப்பொருளில் வழங்கத் தொடங்கியதே இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அமெரிக்காவில். இரண்டாயிரம் ஆண்டுகளாக அது எங்கே உறங்கிக் கிடந்தது என்பதற்கு அக்கதை விடை கூறுவதில்லை.

திராட்சைக்கொடி வழியாகக் கேள்விப்பட்டேன் என்னும் தொடருக்கோ உண்மையான வரலாறு உண்டு. கம்பங்கள் நட்டுத் தந்தி இழுத்த காலத்தில், வாய்க்கு வாய் பரவும் வதந்தியை அமெரிக்கர் திராட்சைக்கொடித் தந்தி என்று எள்ளி நகையாடினர். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் அப்பெயர் எங்கும் பரவிற்று. செய்தியைக் குதிரையின் வாயிலிருந்தே கேட்டேன் என்பது பந்தயத் திடலில் பிறந்தது. எந்தக் குதிரை வெல்லும் என்பதைக் குதிரையைவிட நன்கறிந்தவர் யார்?

தமிழன் இவ்வகைச் செல்வத்தில் யாருக்கும் இளைத்தவன் அல்லன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம். காதும் காதும் வைத்தாற்போல் காரியத்தை முடிக்கிறோம். பிறர் வாயைக் கிளறுகிறோம். குட்டு உடைந்தால் திருதிருவென விழிக்கிறோம். கேட்ட மறையைச் சுமந்து சென்று பிறர்க்கு உரைக்கும் கயவரை அறையப்படும் பறைக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். பழைய அகப்பொருள் இலக்கணமோ வதந்தியையே இரு பருவமாகப் பகுத்தது. சிலர் மட்டும் அறிந்து முணுமுணுப்பது அம்பல். ஊரே அறிந்து பேசுவது அலர். முன்னது மொட்டு, பின்னது மலர். திராட்சைக்கொடியைக் கண்டவர்கள் இந்தப் பூவைக் கண்டாரில்லை. மறை என்னும் சொல்லையும் எண்ணிப் பாருங்கள். மறைத்தல் என்னும் வினையோடு உறவுடைய அச்சொல்லையே, நாள்தோறும் வாய்விட்டு ஓதப்படும் வேதத்திற்குப் பெயராக்கி, நாமும் திருமறை என்று வழங்குகிறோம்.

இத்தொடர்களுள் ஊர்ப்பெயரோடு நிலைத்துவிட்டது ஒன்றுண்டு. அதுதான் சிதம்பர இரகசியம். யாரும் அறிய முடியாத ஒன்றை இன்றும் அப்படித்தான் சொல்கிறோம். தில்லைக் கோயிலில் நடராசர் திருமேனிக்கு அருகே ஒரு திரை தொங்குகிறது. அதனை விலக்கினால் உருவம் எதுவும் இல்லை. பொன்னாலான வில்வ மாலைகள் வெற்றிடத்தில் தொங்குகின்றன. இறைவன் ஆகாய வடிவினன் என்பதன் குறிப்பு அது என்பர் சைவர். ஊரார் வழக்கில் அது அவிழாத புதிருக்குப் பெயராகிவிட்டது.

அச்சிதம்பரத்திலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தென்மேற்கே, வீராணம் ஏரியை ஒட்டி இருக்கிறது காட்டுமன்னார்கோயில். லால்பேட்டையின் அரபிக் கல்லூரியை நாடிச் செல்லும் நம்மவருக்குப் பழகிய பாதைதான் அது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்பது அவ்வூரின் பெயர். ஏரியின் பெயரும் வீரநாராயணன் என்னும் அவனது விருதிலிருந்து வந்ததே. மறைந்ததைத் தேடியவர் கதையும், மறைத்தது வெளிப்பட்ட கதையும் இந்த ஒரு வட்டாரத்தில் அடுத்தடுத்துக் கிடப்பது வியப்பானது.

வைணவ மரபு கூறும் செய்தியை முதலில் பார்ப்போம். அவ்வூரினரான நாதமுனிகள் கோயிலுக்கு வந்த யாத்திரிகர் சிலர் குடந்தைப் பெருமானைப் பற்றிய பத்துப் பாசுரங்களைப் பாடக் கேட்டார். இறுதிப் பாட்டில், இவை ஆயிரத்துள் பத்து என்னும் கணக்கு வந்தது. மற்றவர் இசையில் மயங்கியிருக்க, அவர் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டார். எஞ்சியவை எங்கே என்று கேட்டார். பாடியவருக்குத் தெரியவில்லை. குடந்தைக்குச் சென்றார், ஆங்கும் கிடைக்கவில்லை. பொருநைக் கரையிலுள்ள திருக்குருகூர் வரை நடந்தார். ஆயிரம் தேடிப் போனவர் நாலாயிரத்தோடு திரும்பி, தம் மருமக்கள் இருவருக்கு இசையோடு கற்பித்துப் பரவச் செய்தார் என்பர். அங்கே அவருக்குப் பாசுரங்கள் கிடைத்த விதம் பக்தர்களின் நம்பிக்கை. அதை ஆராய்வது நம் வேலையன்று. ஓர் எண் துப்பாயிற்று என்பதே நாம் கருதத்தக்கது.

அதே வட்டாரத்துத் திருநாரையூர்க்காரர் நம்பியாண்டார் நம்பி. தேவார ஏடுகள் தில்லையில் ஓர் அறையில் பூட்டிக் கிடக்கின்றன என்று அவர் வாயிலாக அறிந்த சோழ மன்னன் அங்குச் சென்றான் என்றும், பாடிய மூவரே வந்தாலன்றித் திறவோம் என்று அந்தணர் மறுத்தனர் என்றும், மன்னன் மூவரின் திருவுருவங்களையே எழுந்தருளச் செய்து கதவைத் திறப்பித்தான் என்றும் திருமுறைகண்ட புராணம் கூறும். உள்ளே கறையான் புற்று. அரித்தவை போக எஞ்சியவை ஏறத்தாழ எண்ணூறு பதிகங்கள். மன்னன் முதலாம் இராசராசன் என்பது பலர் கருத்து. எனினும் அவனுக்கு முன்னரே கோயில்களில் திருப்பதியம் பாடுவோர் இருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. பாட்டு அடியோடு மறைந்துவிடவில்லை. முழுத் தொகுதியே மறைந்திருந்தது என்று கொள்வதே பொருந்தும்.

தமிழ் முஸ்லிம் இலக்கியங்களுள் கிடைத்தவற்றில் மிகப் பழையது என்று கருதப்படும் பல்சந்தமாலையும் இங்கு நினைவுக்கு வருகிறது. அதற்கு நம்பியாண்டார் நம்பி போன்ற ஒருவர் வாய்க்கவில்லை. நூல் போயிற்று, ஆசிரியர் பெயரும் போயிற்று. எட்டே செய்யுட்கள் தப்பின. அவை தப்பியதும் எவரும் பேணிக் காத்ததால் அன்று. களவியற்காரிகைக்கு உரை எழுதியவருக்கு இலக்கண உதாரணம் வேண்டியிருந்தது, எடுத்து வைத்தார். களவைப் பற்றிய நூலின் உரைக்குள் ஒளிந்திருந்து அந்த எட்டும் நம் கைக்கு வந்து சேர்ந்தன.

உடையார்குடிக் கல்லும் இத்தகையதே. காட்டுமன்னார்கோயிலின் ஒரு பகுதியாகிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அதன் சுவரிலுள்ள ஒரு கல்வெட்டு 1920இல் படியெடுக்கப்பட்டது. பின்னர் நீலகண்ட சாஸ்திரியார் அதனை ஆராய்ந்து பதிப்பித்தார். சுந்தர சோழனின் மூத்த மகனும், வீரபாண்டியனைப் போரில் வென்றவனுமான ஆதித்த கரிகாலன் 970ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாண்டான். பட்டம் இராசராசனுக்கு வரவில்லை. பெரிய பாட்டன் வழிவந்த உத்தம சோழன் 985 வரை ஆண்டான். ஆதித்தன் எப்படி மாண்டான் என்பதைச் சோழர் தம் பெருமை பேசும் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறவில்லை. வானுலகைக் காணும் ஆவலால் அவன் மறைந்தான் என்று கவிநயத்தோடு கடந்து செல்கிறது. இதைவிட நேர்த்தியாகப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் உண்டோ?

கோயில் சுவர் அந்த நயத்தை அறியாது. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டினது என்று கொள்ளப்படும் அக்கல்லில், வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாருக்கு மன்னன் விடுத்த ஆணை எடுத்துரைக்கப்படுகிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் முதலிய உடன்பிறந்தோர் பெயர் சொல்லிச் சுட்டப்படுகின்றனர். அவர்கள் உடைமையோடு அது நிற்கவில்லை. மக்கள், மனைவியர், பெண் கொடுத்த மாமன்மார், தாயுடன் பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தோர், மகள்களை மணந்தோர் என உறவின் கிளைதோறும் சென்று, அனைவர் உடைமையும் பறிக்கப்பட வேண்டும் என்கிறது. கொலையில் கைவைத்தவர் சிலர். வீடிழந்தவர் எத்தனை குடும்பத்தாரோ! உயிர்த்தண்டனை பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கொலையை உலகுக்கு அறிவிப்பதற்காக இக்கல் வெட்டப்படவில்லை என்பதை மறத்தலாகாது. பறிக்கப்பட்ட நிலத்தையும் மனைகளையும் வியாழகஜமல்லன் என்பார் சபையாரிடம் பொன் கொடுத்து வாங்கினார். கோயிலில் தண்ணீர் வார்க்கவும் உணவிடவும் அவற்றை அறமாக வைத்தார். விற்ற நிலம் சபைக்கு எப்படி வந்தது என்று நாளை யாரேனும் கேட்டால் பதில் வேண்டுமன்றோ? நிலம் வாங்கியவர் தாய்ப்பத்திரம் கேட்பது நம் காலத்து வழக்கம் மட்டுமன்று. பத்திரத்தின் பொருட்டு ஆணையைச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆணையின் பொருட்டுக் கொலையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அரண்மனைப் புலவர் மறைத்ததை ஊர்க் கணக்கு அலராக்கிவிட்டது.

ஆயினும் ஏன் கொன்றனர் என்பதைக் கல் சொல்லவில்லை. உத்தம சோழனுக்கு இதில் பங்குண்டு என்று ஐயுற்றார் சாஸ்திரியார். சதாசிவ பண்டாரத்தார் அதனை ஏற்கவில்லை. பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல்லாதலின், பட்டப்பெயரைக் கொண்டே பாண்டியர் சூழ்ச்சியைக் காண்பாரும் உளர். பட்டங்களை வைத்து இவ்வளவு பெரிய மாளிகை கட்டலாகாது என்பது என் எண்ணம். இருமுடிச்சோழன் என்னும் சோழப் பட்டத்தைத் தாங்கியவனும் அதே பட்டியலில் இருக்கிறானே! தண்டனையே இரண்டாம் ஆட்சியாண்டில்தான் வந்தது என்று கொள்வதற்கும் தயக்கம் உண்டு. அவ்வாண்டு நிலக்கொடைக்கு உரியது; பறிமுதல் அதற்குச் சற்று முன்னரும் தொடங்கியிருக்கலாம்.

மொச்சைக்குக் கிரேக்கக் குடம் கிடைத்ததுபோல இந்த வெற்றிடத்துக்கும் கதை கிடைத்தது. 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய பொன்னியின் செல்வன் வீரநாராயண ஏரிக்கரையிலேயே தொடங்கி, கொலையை அண்மையிலுள்ள கடம்பூருக்குக் கொண்டு சென்றது. கொன்றவர் இன்னார் என்று கல்கியே அறுதியிட்டுக் கூறாமல் விட்டது அவரது நேர்மை. 2022இலும் 2023இலும் அக்கதை திரைப்படமாக வந்தது. இரவிதாசன் என்னும் பெயரைத் திரையில் கேட்டவர் பல இலட்சம் பேர். அந்நிலத்தை விலைக்கு வாங்கிய வியாழகஜமல்லனின் பெயரையோ கல்வெட்டு படிப்போரன்றிப் பிறர் அறியார்.