வயலின் வந்துச்சு, வயோலா ஏன் வரலை?

கர்நாடகக் கச்சேரின்னா வயலின் கண்டிப்பா இருக்கும். அதைவிடக் கொஞ்சம் பெருசா, கனமான குரல்ல பேசுற வயோலாவை நம்மில் பலர் நேர்ல பார்த்ததே இல்லை. ரெண்டும் ஒரே குடும்பம். ஒண்ணு மட்டும் எப்படி உள்ளே வந்துச்சு?

சுமார் 200 வருஷம் பின்னாடி போவோம். சென்னைக்குப் பக்கத்துல மணலி. அங்கே முதலியார் ஆதரவில் முத்துசுவாமி தீட்சிதர் குடும்பம் இருந்தது. புனித ஜார்ஜ் கோட்டை பேண்ட் இசை அவங்க காதுல விழுந்தது. தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786-1859) ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கத்துக்கிட்டு, அதை நம்ம இசைக்குப் பழக்கினார். பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தான வித்வான் ஆனார். அண்ணன் அந்த மேற்கத்திய மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம்னு சொல்றோமே, அதுதான். 'சந்ததம் பாஹிமாம்' மெட்டு, சாட்சாத் இங்கிலாந்தின் தேசிய கீதம்.

தீட்சிதர் நம்ம காஞ்சிபுரத்திலும் சில வருஷம் தங்கினார். ஏகாம்பரநாதர் மேல் பைரவியில் அவர் செய்த 'சிந்தய மா கந்த' கேளுங்க. கமகம் இல்லாம பைரவியே கிடையாது. வயலின்ல வீணை மாதிரி மெட்டுகள் இல்லை, விரல் வழுக்கிப் போகும். அதனால கமகம் சுலபமா வந்துச்சு.

ஆனா வயோலாவிலும் விரல் அப்படித்தான் வழுக்கும். அப்புறம் என்ன தடை?

என் கணிப்பு இது. ஆர்கெஸ்ட்ராவில் வயோலாவின் வேலை, மேலே வயலினுக்கும் கீழே செல்லோவுக்கும் நடுவில் ஒலியை நிரப்புறது. பட்டுப் புடவையில எல்லாரும் கரையையும் முந்தானையையும் பார்ப்பாங்க, உடல்ல ஓடுற ஊடையை யாரும் தனியா கவனிக்கிறதில்லை. அந்த மாதிரி வேலை. நம்ம இசையோ ஒரே ராக ஓட்டம். நடுக்குரலுக்கு அங்கே காலியிடமே இல்லை. கீழ் ஸ்ருதி வேணும்னா வயலின் தந்தியைத் தளர்த்தினா போதும். பாலமுரளிகிருஷ்ணா மாதிரி வயோலா வாசிச்சவங்க விதிவிலக்குதான்.

அந்தக் காலியிடம் சினிமாவில்தான் கிடைச்சது. இளையராஜா நடுக்குரலுக்கும் தனியா நோட்ஸ் எழுதினார், ரெக்கார்டிங்கில் வயோலா கலைஞர்களுக்கு வேலை இருந்தது. அப்புறம் சிந்தசைசரும் சாம்பிளிங்கும் வந்து அந்த நாற்காலிகளைக் குறைச்சிடுச்சு.

அந்த சமயத்தில், 1993-ல், சினிமா வயலின் கலைஞர் வி.எஸ்.நரசிம்மன் மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்டெட் தொடங்கினார். வயோலா பி.ஜே.சந்திரன், செல்லோ வி.ஆர்.சேகர். கீர்த்தனைகளுக்கு மேற்கத்திய ஒத்திசைவு சேர்த்து வாசிச்சாங்க. தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுக்கு நம்ம சாகித்தியம் கொடுத்தார். இவங்க நம்ம கீர்த்தனைக்கு ஐரோப்பிய நடுக்குரலைக் கொடுத்தாங்க.

சாஃப்ட்வேர் ஆளாகச் சொல்றேன்: சாம்பிள் லைப்ரரியில் வர்ற வயோலாவும் ஒரு மனுஷன் என்னைக்கோ வாசிச்சதுதான். புதுசா வாசிக்க ஆள் இல்லைன்னா, பழசையே திருப்பித் திருப்பிக் கேட்டுட்டு இருப்போம். அந்தக் குவார்டெட்டை ஒருமுறை வயோலாவை மட்டும் கவனிச்சுக் கேளுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.