துண்டுக்கடியில் பேசிய விலை

கோவைப் பக்கம் பூமி புரோக்கர் என்றாலே, "சும்மா பேசியே ரெண்டு பர்சென்ட் வாங்கிட்டாருங்க" என்பார்கள். இந்தச் சந்தேகம் சைட் வியாபாரத்தோடு வந்ததல்ல, மாட்டுச் சந்தைக் காலத்திலிருந்தே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

காங்கயம் மாடுகளுக்குப் பேர்போன கண்ணபுரம் போன்ற சந்தைகளில் தரகர் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. விற்பவர் எதுவரை இறங்குவார், வாங்குபவர் எதுவரை ஏறுவார், இரண்டும் தெரிந்தவர் தரகர் மட்டும்தான். அவர் பிழைப்பே அதில்தான். அவர்மேல் சந்தேகம் வருவதும் அதனால்தான்.

பூமியிலும் அதே கதை. ஆனால் அங்கே நல்ல தரகருக்கு அலைச்சல் அதிகம். வில்லங்கம், பட்டா, வழித்தடம், கிணற்றுப் பங்கு என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இது வெளியே யார் கண்ணிலும் படாது.

2016-இல் வந்த ரெரா சட்டத்தின் 9-ஆம் பிரிவு, முகவர்களும் பதிவு செய்ய வேண்டும் என்றது. மீறினால் நாளுக்கு 10,000 ரூபாய் அபராதம். ஆனால் இது பதிவான மனை, கட்டடத் திட்டங்களுக்கு மட்டும். கிணறு வற்றிப்போய் மூணு ஏக்கர் தோட்டத்தை விற்கிற குடியானவருக்கு இந்தப் பிரிவு உதவாது. அங்கே இன்னமும் தரகரின் வாய்ச்சொல்தாங்க.