‘சின்னன்’ என்றொரு சொல்

முதுமையில் நினைவு தடுமாறுவதைக் குறிக்கக் கேரளத்து மக்கள் ‘சின்னன்’ என்றொரு சொல்லை வழங்கியதாக 10/66 ஆய்வுக்குழுவினர் பதிவு செய்துள்ளனர். ‘குழந்தைத்தனம்’ என்பது அவர்கள் தரும் பொருள். தமிழ்ச் செவிக்கு இச்சொல் அயலன்று. ஈழத்தமிழர் ‘அறளை பெயர்தல்’ என்பதும் இந்நிலையையே. 1906-இல் ஜெர்மனியில் அலாய்ஸ் அல்சைமர் இந்நோயை விவரித்தார். ஆனால் நோயைப் பராமரித்த வீடுகள் தமக்கென ஒரு பெயரை வைத்தே இருந்தன.

பெயர் இருந்தமையால் புரிதலும் இருந்தது என்று கொள்ளவியலாது. திருச்சூர்ப் பகுதியில் பராமரிப்போரிடம் உரையாடி 2003-இல் வெளியான ஆய்வு, அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள் என்றது. நோயின் அறிகுறிகளை முதியவர் வேண்டுமென்றே செய்யும் குறும்பாகப் பலர் கருதினர் என்றும் கூறியது. குழந்தை என்ற சொல் பரிவைத் தரலாம். கண்டிக்கும் உரிமையையும் உடன் தந்துவிடுகிறது.

இத்தகைய வேறுபாடுகளைப் ‘பண்பாடு’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். எல்லைப்புறத் தமிழரைப் பார்த்தால் அது போதாது என்பது விளங்கும். பாலக்காட்டு அக்கிரகாரங்களில் பிள்ளைகள் சென்னைக்கும் மும்பைக்கும் பெயர்ந்தபின், பல வீடுகளில் பராமரிப்பு என்பது கூலிக்கு அமர்த்திய பணிப்பெண்ணும் தொலைபேசியுமே. இடுக்கியின் தேவிகுளம், பீருமேடு தேயிலைத் தோட்டங்களிலோ வீடு வேலையோடு பிணைந்தது. ஓய்வுபெற்ற தாய் லயத்தில் தொடர்ந்து இருக்க மகளோ மருமகளோ கொழுந்து பறிக்கச் செல்ல வேண்டும். சென்றால் தாயைப் பார்க்க ஆளில்லை. செல்லாவிடில் தாய்க்கு வீடில்லை. இரு இடத்தாரும் தமிழரே. பெற்றோரைப் பேணுதல் கடன் என்றே இருவரும் நம்புகின்றனர். அவர்களை வேறுபடுத்துவது நம்பிக்கையன்று, வாழ்நிலை.

1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் பணிபுரியும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் அமைக்கப் பணித்தது. தாய் கொழுந்து பறிக்கையில் பிள்ளையைப் பார்க்க ஒருவர் வேண்டும் என்பதை அது உணர்ந்திருந்தது. முதியோர்க்கு அவ்வாறு ஒன்றும் அதில் இல்லை. மீண்டும் குழந்தையானவர் என்று நாம் கூறும் அந்தத் தாய், மகள் திரும்பும்வரை பூட்டிய லயத்தில் இருக்க நேரிடுகிறது.

ஆகவே ஒரு குடும்பம் எவ்வாறு சமாளிக்கிறது என்று கேட்கும் ஆய்வாளர், முதலில் அக்குடும்பத்தின் வீடு யாருடையது என்று கேட்டல் வேண்டும்.